மாதம் 70,000 போகிறது, சர்வே 8,165 என்கிறது: எது சரி?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், ஒன்பதாவது படிக்கும் மகள், மாமியார். மகன் கோவையில் விடுதியில் தங்கி இன்ஜினீயரிங் படிக்கிறான். மாதம் 70,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது, ஐந்து பேருக்கு வகுத்தால் தலைக்கு 14,000. ஆனால் தமிழ்நாட்டு நகரங்களில் ஒருவருடைய மாதச் செலவு 8,165 ரூபாய் என்று அரசுக் கணக்கு சொல்கிறதாம். நாங்கள் ஊதாரிகளா, இல்லை கணக்கு பொய்யா? இன்னொன்று, அந்தக் கணக்கெடுப்பு நடந்த வருஷம் ஒருவர் டேப்லெட்டோடு மூன்று முறை எங்கள் வீட்டுக்கே வந்து, மாமியாரிடம் போன வாரம் எவ்வளவு மீன், போன மாதம் எவ்வளவு சீரகம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு போனார். அதனால் ரேஷன் கார்டுக்கு ஏதாவது வருமா? இனிமேல் யாராவது வந்தால் எப்படிப் பதில் சொல்வது?

பதில்: முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். ரேஷன் கார்டுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் மாமியார் சொன்ன சீரகக் கணக்கு உணவு வழங்கல் துறைக்கும் போகாது, வருமான வரிக்காரருக்கும் போகாது. 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி இப்படி வாங்கும் தகவலைப் புள்ளிவிவர வேலைக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம், கொடுத்தவர் இன்னார் என்று தெரியும்படி வெளியிடக்கூடாது. ஆராய்ச்சி செய்பவர்களுக்காக வீடுவாரியான தரவை வெளியிடுகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அதில் பெயரும் முகவரியும் இருக்காது.

இனி 70,000 விஷயம். நீங்களும் ஊதாரி இல்லை, கணக்கும் பொய் இல்லை. நீங்கள் பார்ப்பது கையை விட்டுப் போன பணத்தை, அந்த 8,165ஐச் சொன்ன மத்திய அரசின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்புக்காரர்கள் பார்ப்பது வீட்டில் இருப்பவர்கள் தின்றது, உடுத்தியது, பயன்படுத்தியது எவ்வளவு என்பதை. இரண்டும் ஒன்று மாதிரித் தெரியும், ஆனால் நடுத்தரக் குடும்பத்தில், அதுவும் கடன் வாங்கி வீடு கட்டிய குடும்பத்தில், இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

நீங்கள் எழுதி அனுப்பிய விவரத்தை அவர்கள் முறைப்படி போட்டுப் பார்த்தேன். வீட்டுக் கடன் தவணை 16,000, நகைக் கடன் வட்டி 2,500, சீட்டு 5,000, எல்.ஐ.சி. 2,000, மொய் சராசரியாக 1,500. இதில் எதுவுமே நுகர்வு இல்லை. கடன் அடைப்பது, வட்டி கட்டுவது, சேமிப்பது, இன்னொருவர் கையில் பணமாகக் கொடுப்பது எல்லாமே கணக்குக்கு வெளியே. அப்புறம் மகனுக்கு அனுப்பும் 9,000. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு ஒன்றாக வசிப்பவர்கள்தான் அவர்கள் கணக்கில் ஒரு குடும்பம், விடுதியில் இருக்கும் பையன் அதில் வரமாட்டான். அம்மாவுக்கு இதைக் கேட்டால் சுருக்கென்றுதான் இருக்கும், ஆனால் கணக்கில் அவன் தனி ஆள், அவனுக்கு அனுப்பும் பணம் வெளியே போகும் பணம். ஆக மொத்தம் 36,000 கழிந்துவிட்டது. மீதி 34,000, ஆள் நான்கு, தலைக்கு 8,500. இப்போதே அந்த 8,165க்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் பாருங்கள்.

ஆனால் இங்கேயே நிறுத்தினால் தப்பாகிவிடும், ஏனென்றால் வருஷத்துக்கு ஒருமுறை வருவதை நீங்கள் மாதச் செலவில் எழுதவே இல்லை, போனஸில் சமாளிப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். மகளுடைய பள்ளிக்கூடக் கட்டணம் 42,000, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணிமணி 18,000, இந்த வருஷம் மாற்றிய ஃபிரிட்ஜ் 24,000. மொத்தம் 84,000, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,000. சேர்த்தால் 41,000, தலைக்கு 10,250. நகர்ப்புறத் தமிழ்நாட்டுச் சராசரியை விடக் கொஞ்சம் மேலே இருக்கிறீர்கள், அவ்வளவுதான். (நகை வாங்கினால் மட்டும் கவனம். கம்மல், சங்கிலி எல்லாம் ஃபிரிட்ஜ் போலவே நீடித்து உழைக்கும் பொருள் வரிசையில் வரும். நகைச் சீட்டு கட்டும்வரை சேமிப்பு, நகையாக வீட்டுக்கு வந்த வருஷம் செலவு.)

வாடகையிலும் ஒரு வேடிக்கை உண்டு. உங்கள் வீட்டை அப்படியே ஒருவர் வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தால் அவர் கொடுக்கும் வாடகை அவருடைய செலவில் ஏறும். சொந்த வீட்டுக்காரருக்கு மட்டும் "இந்த வீட்டுக்கு இவ்வளவு வாடகை வரும்" என்று ஊகித்து அந்தச் சராசரியில் சேர்ப்பதில்லை. அதனால் ஒரே தெருவில் ஒரே மாதிரி வாழ்கிற இரண்டு வீடுகளில் வாடகை வீடுதான் பணக்கார வீடு மாதிரித் தெரியும்.

அடுத்தது மீனும் சீரகமும். கேள்விகள் விசித்திரமாகத் தோன்றினாலும் பின்னால் பல வருஷத்துச் சண்டை இருக்கிறது. இந்தச் செலவுக் கணக்குக்கு மூலமான தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் முயற்சியில் 1950இல் தொடங்கியது, அப்போதிலிருந்தே தீராத கேள்வி, ஒருவருக்கு எத்தனை நாள் செலவு ஞாபகம் இருக்கும் என்பதுதான். முப்பது நாள் என்றால் மறந்துபோகும், ஏழு நாள் என்றால் அதற்கு முந்தைய வாரத்தில் வாங்கியதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். 1999-2000 சுற்றில் உணவுப் பொருளுக்கு ஏழு நாள், முப்பது நாள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்டுவைத்தார்கள். ஒன்றுக்குச் சொன்ன பதில் மற்றதை இழுத்துக்கொண்டு போக, இந்தச் செலவுக் கணக்கை வைத்து அளக்கும் வறுமை உண்மையிலேயே குறைந்ததா என்று பொருளாதாரக்காரர்கள் வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள்.

இப்போதைய முறையில் எத்தனை நாள் கணக்கு கேட்பது என்பது பொருளுக்குத் தகுந்தபடி மாறும். மீன், கறி, முட்டை, காய்கறி, பழம், எண்ணெய், மசாலா, வெளியில் வாங்கித் தின்னும் பலகாரம் இதெல்லாம் கடந்த ஏழு நாள். அரிசி, பருப்பு, கேஸ், வாடகை, பஸ் கட்டணம், மாத்திரை மருந்து எல்லாம் முப்பது நாள். துணி, செருப்பு, படிப்பு, ஆஸ்பத்திரியில் படுத்த செலவு, டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் 365 நாள். உங்கள் வீட்டில் சீரகத்தை மாதக் கணக்கில் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள், சீரகமும் மசாலாதான், ஏழு நாள் வரிசையில் வருவது. மாமியார் மாதச் சாமான் கணக்கில் பதில் சொல்ல ஆரம்பித்திருப்பார், அங்கிருந்து ஏழு நாளுக்கு இறங்குவதுதான் கணக்கெடுப்பாளர் படும் பாடு.

மீன் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் போகும். "போன புதன்கிழமையிலிருந்து நேற்றுவரை மீன் வாங்கினீங்களாம்மா?" "வாங்காம என்ன தம்பி, ஞாயித்துக்கிழமை ரெண்டு கிலோ சங்கரா." "ரெண்டு கிலோவும் நீங்க நாலு பேரே சாப்பிட்டீங்களா?" "அரைக் கிலோவ நாத்தனார் வீட்டுக்குக் குடுத்தேன், மீதிய மக வந்திருந்தா, கூடச் சாப்பிட்டா." உடனே டேப்லெட்டில் ஒன்றரைக் கிலோ ஏறும். நாத்தனார் வீட்டுக்குப் போன பச்சை மீன் உங்கள் கணக்கில் இல்லை, வந்திருந்த மகள் சாப்பிட்டது உங்கள் கணக்கில் உண்டு, ஏனென்றால் சமைத்துப் பரிமாறியது உங்கள் வீடு. கல்யாணப் பந்தியில் நீங்கள் சாப்பிட்டதும் இப்படியே, பந்தி போட்டவர் கணக்கில் போய்விடும். இதையே தேவனாம்பட்டினத்தில் ஒரு மீனவர் வீட்டில் கேட்டால், வலையில் வந்ததில் குழம்புக்கு எடுத்து வைத்த மத்தியையும் செலவாகவே எழுதுவார்கள். காசு கொடுக்கவில்லையே என்றால், பிடித்தவர் கரையில் விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலையைப் போடுவார்கள், மார்க்கெட் விலையை இல்லை. உங்கள் கொல்லை முருங்கைக்கும் இதே விதிதான்.

"நாங்கள் மீன் வாங்காத வாரத்தில் வந்து கேட்டால் கணக்கே கெட்டுப்போகாதா?" என்று தோன்றும். ஒரு வீட்டுக் கணக்கு கெடும்தான். அதனால்தான் ஒரே மாதத்தில் ஊரெல்லாம் போய்விடாமல் வருஷம் முழுக்கப் பிரித்துப் போகிறார்கள். கடைசியாக வந்த சுற்று 2023 ஆகஸ்டிலிருந்து 2024 ஜூலை வரை நடந்தது, நாடு முழுக்க 2,61,953 வீடுகள். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் சிங்காரத்தோப்பில் ஒரு வீட்டுக்கும், ஐப்பசியில் இன்னொரு வீட்டுக்கும் போனால் இரண்டும் வெவ்வேறு கதை சொல்லும், ஆனால் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது வருஷம் சரியாக வந்துவிடும். பண்ருட்டிப் பலாவுக்கும் இது பொருந்தும்.

மூன்று முறை வந்ததற்கும் காரணம் உண்டு. உணவு ஒன்று, சோப்பு முதல் போன் ரீசார்ஜ் வரை அன்றாடப் பொருளும் சேவையும் ஒன்று, நீடித்து உழைக்கும் பொருள் ஒன்று என்று கேள்வித்தாளை மூன்றாகப் பிரித்து, ஒரு காலாண்டுக்குள் தனித்தனி மாதத்தில் வருகிறார்கள். 2011-12 வரை எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் கேட்டார்கள். இரண்டு மணி நேரம் ஆனபிறகு யாருக்குத்தான் பொறுமை இருக்கும், கடைசிப் பக்கங்களில் "அதெல்லாம் ஒண்ணும் வாங்கலீங்க" என்ற பதில்தான் வரும். இப்போதைய முறை நல்லது என்பதே என் கருத்து. ஆனால் அளக்கும் படியையே மாற்றிவிட்டதால், 2011-12 எண்ணையும் இப்போதைய எண்ணையும் பக்கத்தில் வைத்து "செலவு இத்தனை மடங்கு ஏறிவிட்டது" என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புவேன். நடுவில் 2017-18இல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது, தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி முடிவை வெளியிடாமலே விட்டுவிட்டார்கள். அது வெளியே வந்திருந்தால் இன்று ஒப்பிடுவதற்கு ஒரு நடுப்படி கிடைத்திருக்கும்.

ரேஷன் அரிசிக்கு வருவோம், நம் ஊருக்கு இதுதான் முக்கியம். விலையில்லா அரிசிக்கு நீங்கள் காசு கொடுப்பதில்லை, அதனால் 8,165இல் அது பூஜ்யம். தனியாக இன்னொரு எண்ணும் போடுகிறார்கள், அரிசி, சர்க்கரை, மாணவர் சைக்கிள், லேப்டாப், சீருடை மாதிரி அரசு இலவசமாகக் கொடுப்பதற்கு ஒரு மதிப்பு போட்டுச் சேர்த்தது. அப்படிச் சேர்த்தால் 2023-24இல் தமிழ்நாட்டு நகரம் 8,325, கிராமம் 5,701லிருந்து 5,872. நகரத்தில் தலைக்கு 160 ரூபாய், கிராமத்தில் 171 ரூபாய் கூடுகிறது. இந்திய அளவில் அந்த வித்தியாசம் நகரத்தில் 82, கிராமத்தில் 125தான், ஏன் என்று தமிழ்நாட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசுப் பள்ளிப் படிப்பு, அரசு ஆஸ்பத்திரி வைத்தியம், பெண்களுக்கான கட்டணமில்லாப் பஸ் இதற்கெல்லாம் மதிப்பு போடுவதில்லை. ஆகவே தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனவர் செலவு ஏறும், அரசு ஆஸ்பத்திரியில் அதே ஆபரேஷன் செய்துகொண்டவர் செலவு ஏறாது.

புதுச்சேரியில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப்பாருங்கள். அங்கே 2015 செப்டம்பரில் ரேஷன் பொருளுக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. அந்த முறையில் கடையில் போய் அரிசி வாங்கினால் அது முழு விலைக்குச் செலவாக எழுதப்படும். கன்னியக்கோயில் பக்கம் எல்லைக்கு இந்தப்புறம் ஒரு வீடு, அந்தப்புறம் ஒரு வீடு, இரண்டிலும் ஒரே அளவு சோறுதான் வெந்தது. ஆனால் காகிதத்தில் புதுச்சேரி வீடு கூடச் செலவழித்ததாக இருக்கும். மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிட்டு மார்தட்டும்போது இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

8,165 என்பது சராசரி, அதையும் மறக்கவேண்டாம். இந்திய நகரங்களில் மிகக் குறைவாகச் செலவழிக்கும் கடைசி 5 சதவீதத்தினர் மாதம் தலைக்கு 2,376 ரூபாயிலும், மேல்தட்டு 5 சதவீதத்தினர் 20,310 ரூபாயிலும் இருக்கிறார்கள். மேல்தட்டு எண் உண்மையில் இன்னும் பெரிதாகவே இருக்கும் என்பது என் எண்ணம். காவலாளி வைத்த கேட்டைத் தாண்டிப் போய்ச் சீரகக் கணக்கு கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் நகரத்தில் கார் உள்ள வீடு, இல்லாத வீடு என்று முதலிலேயே பிரித்து வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், கிராமத்தில் நிலத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். அப்படியும் முழுசாகப் பிடிபடுவதில்லை.

இனி யாராவது வந்தால் என்ன செய்வது? அடையாள அட்டையைக் கேளுங்கள், காட்டுவார்கள். ஓ.டி.பி., ஏ.டி.எம். பின், வங்கிக் கணக்கு எண் கேட்டால் அது கணக்கெடுப்பே இல்லை, கதவைச் சாத்திவிடுங்கள். சரியான ஆள்தான் என்றால் சமையல் பார்ப்பவரும் பணம் கொடுப்பவரும் சேர்ந்து உட்காருங்கள். மளிகை மாமியாருக்குத் தெரியும், பெட்ரோலும் இன்டர்நெட்டும் கணவருக்குத்தான் தெரியும், ஆன்லைனில் வாங்கியது பெரும்பாலும் மகளுக்குத்தான் தெரியும். மாதச் சாமான் சீட்டு, கரண்ட் பில், பள்ளிக்கூட ரசீது, போனில் ஜிபே வரலாறு, இவை கையில் இருந்தால் போதும், கணக்கு நோட்டு வேண்டாம். "ஏழைன்னு காட்டினா ஏதாவது கிடைக்கும்" என்று குறைத்துச் சொல்வதில் பைசா லாபம் இல்லை. விலைவாசிக் குறியீட்டில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள், 2024ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய குறியீட்டுக்கு 2023-24 செலவுக் கணக்குதான் எடைக்கல். உங்கள் கணவருக்கு வரும் அகவிலைப்படி மட்டும் வேறு குறியீட்டில் ஓடுகிறது. அது தொழிலாளர் குடும்பங்களுக்கான குறியீடு, அதற்குத் தொழிலாளர் பணியகம் தனியாகக் கணக்கெடுக்கிறது. ஆகவே நீங்கள் மீன் விலையைக் கூட்டிச் சொன்னாலும் அவருக்குப் படி ஏறாது.