கார்பார்க் ராம்ப்ல பின்னாடி கடகடன்னு சத்தம், டிஃப் போச்சா?

உட்லண்ட்ஸ் தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு: "அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 2001 ஹோண்டா எஸ்2000, சிஓஇ (சிங்கப்பூர்ல வண்டி வச்சிருக்கறதுக்கான உரிமச் சான்று) புதுப்பிச்சு ஓட்டுறேன். மல்டி ஸ்டோரி கார்பார்க்ல மெதுவா வளைச்சு ஏறும்போது பின்னாடி கடகடன்னு சத்தம். டிஃபரன்ஷியல் (டிஃப், பின் வீல் ரெண்டுக்கும் சக்திய பிரிச்சுக் கொடுக்கற கியர் பெட்டி) போச்சு, முழுசா மாத்தணும்னு ஒர்க்ஷாப்ல சொல்றாங்க. ஆயில் மட்டும் மாத்திப் பாக்கலாமா?"

பாக்கலாம் தம்பி, ஆனா அதுக்கும் முன்னாடி உள்ள என்ன எல்எஸ்டி (ஒரு வீல் மட்டும் வீணா சுத்தாம தடுக்கற டிஃப்) இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். இந்த வண்டிக்கு ஃபேக்டரில போடுறது டார்சன்ங்கற வகை, அதுல கியர் மட்டும்தான், கிளட்ச் பிளேட் கிடையாது, அதனால மெதுவா திரும்புற நேரத்துல அது கடகடக்காது. எனக்கு என்ன சந்தேகம்னா முன்னாடி வச்சிருந்தவரு ட்ராக்ல ஓட்டுறதுக்காக 1.5 வே, 2 வேன்னு (ஆக்சிலரேட்டர விட்டாலும் பூட்டிக்கற) பிளேட் டைப், அதாவது கிளட்ச் பிளேட் வச்ச எல்எஸ்டி போட்டிருக்கலாம். முன் வீலுக்கு கட்டை கொடுத்து, பின்னாடி ரெண்டு வீலையும் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தி, எஞ்சின் ஆஃப்ல கியர் போட்டு, ஹேண்ட்பிரேக்க எடுத்துட்டு ஒரு வீல கையால சுத்தச் சொல்லுங்க. மத்த வீல் எதிர்ப்பக்கம் சுத்தினா சாதாரணமா டார்சன்தான், ரெண்டுமே அசைய மாட்டேன்னு இறுக்கமா நின்னா பிளேட் டைப்.

பிளேட் டைப்னா சத்தத்துக்கு பாதி காரணம் ஆயில்தான், பிளேட் வழுக்காம ஒட்டி ஒட்டி விடுது. எல்எஸ்டிக்குன்னே போட்டிருக்கற ஜிஎல்-5 தர கியர் ஆயில் ஊத்திட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடமா பாத்து மெதுவா எட்டு போடுங்க, ஆயில் பிளேட்டுக்குள்ள இறங்கும். கொஞ்சூண்டு சத்தம் மிச்சம் இருந்தா அது அந்த எல்எஸ்டியோட சுபாவம். குறையவே இல்லன்னாலும் பிளேட்ட மாத்துனா போதும், முழு டிஃப் எதுக்கு?

டார்சன்தான்னா டிஃப விட்டுட்டு பின் ஆக்ஸில் நட்ட பாருங்க. இந்த மாடல்ல அது லூஸாகி, கிளம்பும்போதும் திரும்பும்போதும் டக் டக்குன்னு சத்தம் வர்றது தெரிஞ்ச விஷயம், ஹப் மோதுற இடத்த சுத்தம் பண்ணி புது நட் போட்டு சரியான டார்க்ல (முறுக்கு விசை அளவுல) இறுக்கினா பெரும்பாலும் போயிடும். பிஐஇ ஹைவேல போகும்போது ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஒரு ஊளை, விட்டா வேற மாதிரி ஊளைன்னு வந்தாதான் டிஃப் உள்ள இருக்கற முக்கிய கியர் ஜோடியான கிரவுன் வீல், பினியன் பக்கம் கவலைப்படணும்.

ஆயில் மாத்தும்போது ஒரே ஒரு கண்டிஷன், ஆயில் ஊத்தற மேல் பிளக்க, அதாவது ஃபில் பிளக்கதான் முதல்ல கழட்டணும். டிரெய்ன் பண்ணி காலியாக்கின அப்புறம் மேல் பிளக் துரு புடிச்சு வரலன்னா வண்டி அங்கயே கிடக்கும். கொஞ்சம் ஓட்டி ஆயில் சூடானதும் இறக்குங்க, வண்டி லெவலா நிக்கணும், ஃபில் ஓட்டை விளிம்புல ஆயில் வழியற வரைக்கும் ஊத்தணும், முக்கால் லிட்டர் பக்கம்தான் புடிக்கும். வாஷர் ரெண்டும் புதுசு. நம்ம ஊரு சூட்டுக்கு எஸ்ஏஇ 90 கெட்டி (ஆயிலோட பிசுபிசுப்பு அளவு) போதும். அதே ஆயில கியர்பாக்ஸ்லயும் ஊத்த விட்டுடாதீங்க, அதுக்கு ஹோண்டாவோட மேனுவல் கியர்பாக்ஸ் ஆயிலான எம்டிஎஃப்தான், ஜிஎல்-5ல இருக்கற சல்ஃபர் சின்க்ரோவோட (கியர் மாத்தும்போது வேகத்த ஒத்துப்போக வைக்கற வளையம்) பித்தளைய கெடுத்துடும்.

டிரெய்ன் பிளக்க துடைக்கிறதுக்கு முன்னாடி அதோட காந்தத்த கண்ணால பாத்துடுங்க. விரல்ல தேச்சா கறுப்பு மை மாதிரி மழுமழுன்னு வந்தா வழக்கமான தேய்மானம். நகத்துல எடுக்கற அளவுக்கு செதில், ஓரம் கூரான துண்டுன்னு இருந்தா அப்போ டிஃப திறந்தே ஆகணும், அந்த துண்டோட ஃபோட்டோவ எடுத்து வச்சுக்கிட்டு அப்புறமா விலை பேசுங்க.