ரைன் கரையின் கற்சுவர்கள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

சென்ற ஜூன் மாதம் நானும் கணவரும் பத்து நாள் ஐரோப்பியச் சுற்றுலா போய்வந்தோம். அதில் ஒருநாள் ரைன் நதிப் பயணம். ரூடஸ்ஹைமில் கப்பல் ஏறி சாங்க்ட் கோவாரில் இறங்கினோம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு கோட்டையின் பெயரையும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். முதல் நான்கைந்தை ஆசையாகப் படமெடுத்தோம். அப்புறம் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தது. பாதி இடிபாடு, மீதி ஹோட்டல். லோரலைப் பாறை வந்தபோது பாட்டுப் போட்டார்கள், அதுவும் வெறும் பாறைதான். நீங்கள் அங்கே ஐந்து நாள் தங்கியதாக எழுதியிருந்தீர்கள். ஐந்து நாளும் என்ன பார்த்தீர்கள்? எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா? மகனுக்கு பிராங்க்பர்ட்டில் வேலை. அக்டோபரில் மறுபடி போகிறோம். போவதா வேண்டாமா என்று சொல்லுங்கள்.

கே., கோவை

அன்புள்ள கே.,

போங்கள். ஆனால் கப்பலில் வேண்டாம், ரயிலில் போய் மலைமேல் ஏறுங்கள்.

உங்கள் கண்ணில் குறை ஒன்றுமில்லை. கப்பல் தளத்தில் நிறுத்தி அந்தப் பள்ளத்தாக்கைக் காட்டுவது பழைய ஏற்பாடு. 1827இலேயே கொலோனுக்கும் மைன்ஸுக்கும் நடுவே நீராவிக் கப்பல்கள் தவறாமல் ஓடத் தொடங்கிவிட்டன. இடிந்த கோட்டைகள்மீது கவிஞர்களுக்கும் ஓவியர்களுக்கும் அப்போது பெரும் மோகம். ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரச குடும்பமே சில இடிபாடுகளை வாங்கி, தன் மனதிலிருந்த பழங்காலத்தைப்போலக் கட்டிக்கொண்டது. நீங்கள் கப்பல் ஏறிய கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் வந்திருக்குமே, ரைன்ஸ்டைன், அது அப்படி 1820களில் எழுந்ததுதான். அந்தப் பாறைமேல் அமர்ந்து படகோட்டிகளை மயக்கியதாகச் சொல்லப்படும் லோரலைப் பெண்ணும் ஆதிகாலத்துக் கதை அல்ல. 1801இல் ஜெர்மன் கவிஞர் பிரெண்டானோ எழுதிய கதைப்பாடலில் பிறந்தவள். 1824இல் இன்னொரு ஜெர்மன் கவிஞர் ஹைன எழுதிய கவிதைதான் அவளை ஊரறியச் செய்தது. ஆகவே நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு தன் ரசனைக்கு அமைத்துக்கொண்ட ஒரு காட்சி.

அதற்கு அடியில் இருப்பது ஆற்றுச் சுங்கத்தின் கதை. கோட்டை என்றதும் நமக்குப் போர் ஞாபகம் வரும். இங்கே முதற் காரணம் காசு. பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர், அதற்குள் நாற்பது கோட்டைகள். மலைகள் நெருக்கும் அந்த இடுக்கில் சரக்குப் படகு வேறெங்கும் விலகிப் போக முடியாது. மைன்ஸ், டிரியர், கொலோன் பேராயர்கள், பலாட்டினேட் கோமகன், அவர்களுக்குக் கீழே சிறு பிரபுக்கள் என்று ஆளுக்கொரு துண்டு கரையைக் கையில் வைத்துக்கொண்டு வசூலித்தார்கள்.

நீங்கள் இறங்கிய சாங்க்ட் கோவாருக்கு மேலே ஒரு பெரிய இடிபாடு நிற்கிறதே, அதுதான் ரைன்ஃபெல்ஸ். காட்சனெல்ன்போகன் குலத்துப் பிரபு 1245இல் தன் சுங்கத்தைக் காக்கக் கட்டியது. சுங்கத்தை அவர் உயர்த்த, வணிக நகரங்கள் பொறுக்கமாட்டாமல் கூட்டணி சேர்ந்து 1255இல் முற்றுகையிட்டன. ஒரு வருடமும் பதினான்கு வாரமும் உட்கார்ந்து பார்த்தும் கோட்டை விழவில்லை. 1692இல் பிரெஞ்சுப் பெரும்படை வந்து மோதியும் விழவில்லை. நூறாண்டு கழித்து பிரெஞ்சுப் புரட்சிப் படையிடம் சண்டையில்லாமலே கைமாறியது. அவர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். உள்ளே நுழைந்து நடந்தால் இருட்டுச் சுரங்க வழிகள் இன்னும் இருக்கின்றன. கைவிளக்கு கொண்டுபோங்கள்.

கவுப் ஊரெதிரே ஆற்றின் நடுவில் வெள்ளைக் கோட்டை ஒன்று பார்த்திருப்பீர்கள், ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன். அதுவும் சுங்கச்சாவடிதான். 1327 வாக்கில் கட்டத் தொடங்கி, 1860களில் பிரஷ்யா கைக்கு வரும்வரை அங்கே வசூல் நடந்திருக்கிறது. ஆறு வரும் திசையில் சுவர் கப்பலின் முனைபோலக் கூராக நிற்கிறது, வெள்ளமும் பனிக்கட்டியும் மோதிப் பிளந்து விலகிப்போக. கவுப் கரையிலிருந்து சின்னப் படகில் அங்கே போகலாம்.

இதே காட்சனெல்ன்போகன் குலத்தின் 1435ஆம் வருடத்துக் கணக்கேட்டில் ஒரு வரி இருக்கிறது. ரூசல்ஸ்ஹைம் கோட்டைக்கு ரீஸ்லிங் திராட்சைக் கன்றுகள் வாங்கிய செலவு. ரீஸ்லிங் என்ற பெயர் நமக்குக் கிடைக்கும் முதல் ஆவணம் அதுதான். பள்ளத்தாக்கில் இன்று அதிகம் விளைவதும் அந்தத் திராட்சையே.

என்னை அங்கே ஐந்து நாள் பிடித்து வைத்தது கோட்டைகள் அல்ல, திராட்சைத் தோட்டத்துச் சுவர்கள். கப்பலிலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் பச்சைக் கோடுகள் தெரியும், அவ்வளவுதான். திராட்சைக்கு அது குளிர்ந்த வடக்கு. அதனால் தெற்கு வெயில் விழும் செங்குத்துச் சரிவாகத் தேடி நட்டார்கள். மண் நழுவாதிருக்கப் படிப்படியாகச் சுவர் எழுப்பினார்கள். சாந்து கிடையாது, சிலேட் கல்லைக் கல்மேல் அடுக்கிய சுவர். பகலில் வாங்கிய சூட்டை அது இரவில் கொடிக்குக் கொடுக்கும். பாகராக் என்ற கரையோரச் சிற்றூரில் ஒருநாள் சூரியன் மறைந்து வெகுநேரம் கழித்து அந்தச் சுவரில் கை வைத்தேன். இட்லிப்பானையை இறக்கிவைத்த அடுப்புமேடைபோல இதமாக இருந்தது.

மறுநாள் அதே பாதையில் ஒரு பெரியவர் சரிந்த சுவரைச் சீராக்கிக்கொண்டிருந்தார். விழுந்த கற்களை முதலில் அளவுவாரியாகத் தரையில் பரப்பினார். பெரியவை அடிக்கு, சில்லுகள் பின்பக்க நிரப்புக்கு. சுவர் மலையை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கவேண்டும். சில்லுகளுக்கிடையே மழைத்தண்ணீர் இறங்கி வெளியேறவேண்டும், தேங்கினால் சுவரைத் தள்ளிவிடும். ஒவ்வொரு கல்லையும் கையில் வைத்து மூன்று நான்கு முறை திருப்பி, முகம் கண்டுபிடித்தபிறகே வைத்தார். காலையிலிருந்து மதியம்வரை என் கையகலத்துக்கு நாலைந்து மடங்குதான் சுவர் வளர்ந்தது. எதிர்ச்சரிவைக் காட்டினார். தன் சிறுவயதில் அங்கும் கொடிதானாம், இப்போது முள்புதர். புதருக்குள் சுவர்கள் மட்டும் வரிவரியாகத் தெரிந்தன.

மத்திய ரைன் திராட்சைப் பரப்பு இன்று 500 ஹெக்டேருக்கும் குறைவு. ஒரு நூற்றாண்டுக்கு முன் இதைப்போலப் பல மடங்கு இருந்தது. பல சரிவுகளில் டிராக்டர் ஏறாது. ஆள் கூலி கட்டாது, பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். 2002இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது இந்தப் படிச்சரிவுகளையும் சேர்த்தே அறிவித்தது. ஆனால் பட்டியலில் சேர்ப்பதால் சுவர் நிற்காது. வருடாவருடம் யாராவது குனிந்து கல் எடுத்து வைக்கவேண்டும். கோட்டை இடிந்தால் இடிபாடாகவாவது நிற்கிறது, இந்தச் சுவர் போனால் மலையே இறங்கிவிடுகிறது. என் கவலை முழுவதும் இதில்தான்.

பாகராக்கில் இன்னொன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஊருக்கு மேலே கூரையில்லாமல், செந்நிறக் கல்லில் செதுக்கிய ஜன்னல்களோடு ஒரு தேவாலயம் நிற்கும். எல்லோரும் படமெடுப்பார்கள், அவ்வளவு அழகு. 1287இல் வெர்னர் என்ற சிறுவன் இறந்தபோது யூதர்கள் கொன்றுவிட்டதாகப் பழி சுமத்தி, இந்தக் கரை நெடுக யூதர்களைக் கொன்றார்கள். அந்தச் சிறுவனைப் புனிதனாக்கி எழுப்பிய ஆலயம் இது. 1689இல் மேலேயிருந்த ஸ்டாலெக் கோட்டையை பிரெஞ்சுப் படை தகர்த்தபோது இதுவும் நொறுங்கியது. இருபதாம் நூற்றாண்டில்தான் திருச்சபை அவன் பெயரைத் தன் நாட்காட்டியிலிருந்து நீக்கியது. அந்த ஜன்னல் வழியே ஆறு தெரியும். கொஞ்ச நேரம் அங்கே உட்காருங்கள், படம் பிறகு எடுக்கலாம்.

தங்குவதற்கு அந்த ஸ்டாலெக் கோட்டையே இருக்கிறது, இப்போது இளைஞர் விடுதி. நம் வயதுக்காரர்களும் குடும்பங்களும் தங்கலாம், முன்பதிவு வேண்டும். கீழே ஊருக்குள் அறை எடுத்தால் இரு கரையிலும் சரக்கு ரயில்கள் இரவெல்லாம் தடதடத்துப் போவது கேட்கும். அங்கே குடியிருப்பவர்களுக்கே அது பெரும் பாடு. கோப்லென்ஸுக்கும் மைன்ஸுக்கும் இடையில் பாலமே கிடையாது. அக்கரைக்குப் போக ஃபெரிதான், அதுவும் ஒரு சுகம்.

ரீஸ்லிங் தாமதமாகப் பழுப்பது. நீங்கள் போகும் அக்டோபரில் பறிப்பு நடந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். போலந்து, ருமேனியாவிலிருந்து வந்தவர்கள் முதுகில் கூடையோடு சரிவில் ஏறி இறங்குவார்கள். பாதை குறுகல், அவர்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள். மழை பெய்திருந்தால் சிலேட் வழுக்கும், நல்ல பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கணவருக்கு முழங்கால் வலி என்றால் பாகராக் மதில்மேல் உள்ள நடைவழி போதும். அங்கிருந்தே சுவர்கள் கைக்கெட்டும் தூரம்.