ஃபுஜைராவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, ஏப்ரலில் தூத்துக்குடியிலிருந்து வந்து அமீரகத்தின் ஃபுஜைரா துறைமுகத்தில் பங்கர் பார்ஜில் (கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் படகு) சேர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். 2025 ஜூனில் இஸ்ரேல்–ஈரான் சண்டை தொடங்கியதிலிருந்து அம்மா தினமும் போனில் அழுகிறார். அறையில் இருப்பவர்களோ, "எண்ணெய் விலை ஏறினால் வளைகுடாவுக்குக் கொண்டாட்டம்தான், போனஸ் வரும்" என்கிறார்கள். இருப்பதா, கிளம்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். 17 வருடமாக வளைகுடாவில், அதுவும் கடல் வேலையிலேயே இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த போனஸ் கணக்கை மறந்துவிடுங்கள். சண்டை நேரத்தில் ஏறுகிற விலை பயத்தின் விலை. வந்த வேகத்தில் போய்விடும். சண்டைக்கு முந்தைய நாள், ஜூன் 12 அன்று, உலகச் சந்தை அளவுகோலாக வைக்கும் பிரென்ட் கச்சா எண்ணெய் ஒரு பேரல் 69 டாலர் சொச்சம். அமெரிக்கா ஈரானின் அணுசக்தி நிலையங்கள் மீது குண்டு போட்ட மறுநாள், ஜூன் 23 காலை, 81ஐத் தொட்டது. அன்று இரவு கத்தாரில் உள்ள அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை விட்டது. இனி நூறுதான் என்று நம் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். விலையோ அன்றே 7 சதவீதம் விழுந்தது. சந்தைக்காரர்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: எண்ணெய் நின்றதா, ஓடுகிறதா? ஏவுகணை போனது ராணுவத் தளத்துக்கு. டேங்கருக்கோ எண்ணெய் முனையத்துக்கோ அல்ல. மறுநாள் சண்டை நிறுத்தம். விலை சண்டைக்கு முன்பிருந்ததைவிடக் கீழே போய் நின்றது.

2019 மே 12, ஞாயிற்றுக்கிழமை, நம் ஃபுஜைரா கடலிலேயே நான்கு கப்பல்களைத் தாக்கினார்கள். அதில் ஒன்று நீங்கள் வேலை பார்ப்பதைப் போன்ற பங்கர் பார்ஜ். நார்வே டேங்கர் ஒன்றின் பின்பக்கத்தில், நீர்மட்டத்தை ஒட்டி, தகடு உள்ளே மடங்கி ஓட்டை விழுந்திருந்ததைப் படத்தில் பார்த்தோம். அன்றிரவு நாங்கள் யாரும் தூங்கவில்லை. திங்கட்கிழமை எண்ணெய் விலை காலையில் கொஞ்சம் ஏறி, மாலையில் இறங்கியே முடிந்தது. அமெரிக்கா–சீனா வரிச் சண்டையால் எண்ணெய் தேவை குறையுமே என்ற கவலைதான் அன்று பெரிதாக இருந்தது. அதே வருடம் செப்டம்பரில் சவுதியின் அப்கைக் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கியபோது, உலக உற்பத்தியில் சுமார் 5 சதவீதம் ஒரே நாளில் நின்றது. விலையும் ஒரே நாளில் 15 சதவீதம் போல எகிறியது. சவுதி சீக்கிரமே சரிசெய்ததும் இரண்டு, மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

அப்படியானால் நம்மைப் பாதிப்பது எது? கப்பல் வாடகையும் போர்க்கால இன்ஷூரன்ஸும். வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணை வழியாக 2024இல் ஒரு நாளைக்குச் சுமார் 2 கோடி பேரல் எண்ணெய் போனது. உலகம் செலவழிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பக்கம் நுழையவே கப்பல் முதலாளிகள் தயங்கியதால், 2025 ஜூனில் வளைகுடாவிலிருந்து கிழக்கே போகும் பெரிய டேங்கர்களின் வாடகை சில நாட்களில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. இன்ஷூரன்ஸ், கப்பல் மதிப்பில் 0.1 சதவீதம் கூடினாலே, 10 கோடி டாலர் கப்பலுக்கு ஒரு லட்சம் டாலர் கூடுதல் செலவு. அதுவும் ஒரே ஒரு பயணத்துக்கு. கூடவே ஜிபிஎஸ் குழப்பம் வேறு. எங்கள் பார்ஜ் திரையில் கடலில் நிற்கிற கப்பல் பாலைவனத்தில் நிற்பதாகக் காட்டியது. ஜூன் 17 அன்று பக்கத்துத் துறைமுகமான கோர்ஃபக்கானுக்கு வெளியே இரண்டு டேங்கர்கள் மோதித் தீப்பிடித்ததை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

ஃபுஜைரா நீரிணைக்கு வெளியே இருப்பது நமக்கு நல்லது. அபுதாபியின் ஹப்ஷான் எண்ணெய் வயல் பகுதியிலிருந்து 2012இல் திறந்த குழாய் ஒரு நாளைக்கு 15 லட்சம் பேரல் வரை இங்கே கொண்டுவரும். உள்ளே போகப் பயப்படும் கப்பலும் இங்கே நின்று ஏற்றலாம், பங்கர் எரிபொருள் எடுக்கலாம். அதனால் விலைச் செய்தியை விட்டுவிட்டு, காலையில் ஆங்கரேஜில் (நங்கூரமிடும் இடத்தில்) எத்தனை கப்பல் நிற்கிறது என்று எண்ணுங்கள். கப்பல் நின்றால் நமக்கு வேலை உண்டு.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. 2014 ஜூனில் 115 டாலரில் இருந்த விலை, 2016 ஜனவரியில் 28க்கும் கீழே வந்தது. குண்டு இல்லை, பரபரப்புச் செய்தி இல்லை. ஊரிலிருந்து யாரும் பதறிப் போன் செய்யவும் இல்லை. எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் படகில் அப்போது இருந்தேன். ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக ரத்தாகி, படகைக் கரையில் கட்டிவிட்டார்கள். நான்கு மாதச் சம்பளம் பாக்கி. எங்களில் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கையில் ஒன்றுமில்லாமல் ஊர் போனார். அவரை வழியனுப்பிய இரவு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஆகவே என் பதில்: இருங்கள். ஆனால் மூன்று மாதச் செலவும் ஒரு டிக்கெட் பணமும் தொடாமல் வைத்திருங்கள். பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கட்டும்; அதை நிறுவனம் வாங்கி வைப்பது இங்கே சட்டப்படி தவறு. சண்டை வந்தால் ரூபாய் சரியும், அப்போது அனுப்பலாம் என்று சம்பளத்தைப் பிடித்து வைக்காதீர்கள். ஜூனில் திர்ஹாமுக்கு 30 பைசா போலத்தான் ஏறியது. ஆயிரம் திர்ஹாமுக்கு 300 ரூபாய். அதற்காக வீட்டுச் செலவை நிறுத்தி வைக்க வேண்டாம்.

அப்புறம், அம்மாவிடம் போனில் எண்ணெய் விலை பேசாதீர்கள். பார்ஜ் எத்தனை மணிக்குப் போகிறது, எப்போது கரைக்கு வருவீர்கள், இதைச் சொல்லுங்கள். கரைக்கு வந்ததும், எவ்வளவு நேரமானாலும், ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.