கேள்வி – பதில்: ஆன்டிபயாடிக் ஊசியும் முதியோர் காதும்

பதில் அளிப்பவர்கள்: காது-மூக்கு-தொண்டை மருத்துவரும் செவித்திறன் பரிசோதகரும்

அம்மாவுக்கு வயது 74, எடை 50 கிலோ, சர்க்கரை உண்டு. சிறுநீர்த் தொற்றுக்கு அமிக்காசின் ஊசி ஏழு நாள் எழுதியிருக்கிறார்கள். காதைப் பாதிக்குமா என்று கேட்டதற்கு, ‘கிரியேட்டினின் 1.1, நார்மல்தான், பயப்படாதீர்கள்’ என்றார்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே காது மந்தம். இனி பரிசோதித்து என்ன ஆகப் போகிறது?
– வாசகி, கும்பகோணம்

ஏற்கெனவே மந்தம் என்பதால்தான் பரிசோதிக்க வேண்டும். இன்றைக்கு எவ்வளவு கேட்கிறது என்று பதிவு செய்து வைக்காவிட்டால், அடுத்த மாதம் குறைந்திருப்பது வயதாலா ஊசியாலா என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் ஊசி போட்ட 72 மணி நேரத்துக்குள் முதல் ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்ற பதிவு) எடுத்துவிடுங்கள். அதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். குளிர் காய்ச்சலோடு இருப்பவருக்கு ஊசிதான் முதலில்.

கிரியேட்டினின் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு; சிறுநீரகம்தான் அதை வெளியேற்றும். மெலிந்த முதியவருக்குத் தசையே குறைவு என்பதால், சிறுநீரகம் பாதித் திறனில் ஓடினாலும் அந்த எண் நல்லதாகவே தெரியும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்: 140-லிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்குங்கள் (66 × 50 = 3,300). அதை, 72-ஐக் கிரியேட்டினினால் பெருக்கிய தொகையால் (79.2) வகுத்தால் சுமார் 42. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 35. அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுத்திகரிப்பது சுமார் 35 மில்லி ரத்தம். திடமான இளவயதினருக்கு இது 100-ஐ ஒட்டி இருக்கும்.

அமிக்காசினின் வழக்கமான அளவு கிலோவுக்கு 15 மி.கி. அம்மாவின் எடைக்கு 750 மி.கி. இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். 35-ல் ஓடும் சிறுநீரகத்துக்குத் தினமும் 750 போட்டால் தேங்கத்தானே செய்யும்? அளவைக் குறைக்க வேண்டுமா, இடைவெளியை நீட்ட வேண்டுமா என்று மருத்துவரிடம் இந்தக் கணக்கோடு போய்க் கேளுங்கள். வசதியுள்ள மருத்துவமனை என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன் ரத்தம் எடுத்து மருந்தின் அளவையே பார்ப்பார்கள். மில்லிக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். தொற்று சிறுநீர்ப்பையோடு நின்றிருந்தால், கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஃபாஸ்ஃபோமைசின் போன்ற வாய்வழி மருந்துக்கு இடமிருக்கிறதா என்றும் கேட்கலாம்.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டியவை: நீர் பிரிய ஃப்ரூசமைடு (லேசிக்ஸ்) எடுக்கிறாரா, முன்பு இதே வகை ஊசி (ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின்) போட்டதுண்டா, தாய்வழி உறவில் யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது போனதா. கடைசிக் கேள்வி முக்கியம். தாய்வழியாக மட்டுமே வரும் ஒரு மரபணு மாற்றம் இருந்தால், சரியான அளவில் போட்ட ஓரிரு ஊசியே கேட்கும் திறனைப் பறித்துவிடும்.

அப்பா (68) எலும்புத் தொற்றுக்காக அமிக்காசினில் இருக்கிறார். வாரம் ஒருமுறை வார்டிலேயே காது பார்க்கிறார்கள். போன வாரத்தைவிட 8,000 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைந்திருக்கிறது. ஆனால் எங்களோடு நன்றாகப் பேசுகிறார். ஊசியை நிறுத்தச் சொல்லலாமா?
– வாசகர், திருநெல்வேலி

ஒரே அலைவரிசையில் 10 டெசிபல் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டோம். அளவீட்டிலேயே 5 டெசிபல் முன்னே பின்னே வரும். கணக்கில் எடுப்பது இவற்றை: ஓர் அலைவரிசையில் 20 டெசிபல் குறைவது, அடுத்தடுத்த இரண்டில் 10 டெசிபல் குறைவது, முன்பு கேட்ட மூன்று அடுத்தடுத்த அலைவரிசைகள் இப்போது கேட்காமலே போவது. இதில் எது வந்தாலும் மறுபடி சோதித்து உறுதி செய்த பிறகே ‘மருந்தின் வேலை’ என்போம்.

நன்றாகப் பேசுகிறார் என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். உள்காதின் நத்தைச் சுருளில் அடிப்பகுதியில் உள்ள, ஒலியை உணரும் மயிர்செல்கள்தான் முதலில் சாகும்; அவை கீச்சென்ற உயர் ஒலிகளுக்கானவை. பேச்சுக்கு வேண்டியது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. பேச்சு புரியாமல் போகும் கட்டத்தில் வீட்டார் கவனித்தால், பாதி சேதம் முடிந்திருக்கும். செத்த மயிர்செல் திரும்ப முளைப்பதில்லை.

பொய்யாகக் குறைவு காட்டும் காரணங்களும் உண்டு. வயதானவர்களின் காதுத் துவாரம் தளர்ந்திருக்கும். காது மடலை அழுத்தும் ஹெட்ஃபோன் போட்டால் துவாரமே மூடிக்கொண்டு உயர் ஒலி கேட்காதது போலக் காட்டும். துவாரத்துக்குள் செருகும் நுரை இயர்ஃபோன் என்றால் இந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் வாராவாரம் அதே கருவி, அதே இயர்ஃபோன். காது அழுக்கை முதலில் எடுத்தார்களா என்று கேளுங்கள். மின்விசிறி இரைச்சல் 250, 500 ஹெர்ட்ஸைத்தான் கெடுக்கும். உயர் அலைவரிசைகளை அவ்வளவாகத் தொடாது. ஆகவே களைப்பதற்குள் உயர் ஒலிகளை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

இளவயதினருக்கு 9,000-க்கு மேல் சோதிப்பார்கள். முதியவர்களுக்கு அங்கே பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. அதனால் அவருக்குக் கேட்கும் மிக உயர்ந்த ஒலியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து கீழே ஒரு ஸ்தாயி (அதன் பாதி அலைவரிசை வரை) மட்டும் நெருக்கமான படிகளில் அளப்பது உண்டு. காதுக்குள் ஒலி அனுப்பி உள்காதிலிருந்து வரும் எதிரொலியை அளக்கும் ஓ.ஏ.இ. சோதனை, நோயாளி பதில் சொல்லத் தேவையில்லாததால் சுலபம்தான், ஆனால் வயதால் காது மந்தமானவரிடம் முதல் நாளே எதிரொலி வராது, பிறகு எதோடு ஒப்பிடுவது?

குறைவு உறுதியானால் மருந்தை மாற்றுவதா, இடைவெளியை நீட்டுவதா, தொடர்வதா என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசி முடிந்ததும், பிறகு மூன்றாம், ஆறாம் மாதங்களிலும் சோதிக்க வேண்டும்; மருந்து உள்காதில் தங்கி, நிறுத்திய பின்னும் கெடுக்கக்கூடியது.

பல வருடங்களுக்கு முன் காசநோய் திரும்பி வந்தபோது ஸ்ட்ரெப்டோமைசின் போட்டேன். காது நன்றாகக் கேட்கிறது. ஆனால் இருட்டில் தள்ளாடுகிறேன்; நடக்கும்போது பஸ் போர்டு குதிக்கிறது. வயது 66.
– வாசகர், வேலூர்

ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் கேட்கும் பகுதியைவிட உள்காதின் சமநிலைப் பகுதியைத்தான் அதிகம் தாக்கும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசினை 0.75 கிராமுக்குப் பதில் 0.5 கிராம் என்று குறைத்துக் கொடுத்தது இந்த அச்சத்தால்தான். உங்கள் இரண்டு அறிகுறிகளும் இரு பக்கமும் பாதித்ததைச் சுட்டுகின்றன. ஆடியோகிராமில் இது தெரியாது. தலையை அசைத்தபடி எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். அசையாமல் படிப்பதைவிட மூன்று வரிக்கு மேல் குறைந்தால் சமநிலை உறுப்பில் கோளாறு. பாத மரமரப்பு இருந்தால் சர்க்கரையையும் பாருங்கள். சின்னாரிசின் போன்ற தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். மூளை தானாகப் பழகிக்கொள்வதை அது தடுக்கும். பிசியோதெரபிஸ்ட்டிடம் சமநிலைப் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள். கழிவறைப் பாதையில் இரவு விளக்கு எரியட்டும்.

காதில் சீழ். செவிப்பறையில் ஓட்டை. வீட்டில் ஜென்டாமைசின் சொட்டு மருந்து இருக்கிறது, விடலாமா?
– வாசகி, மதுரை

வேண்டாம். ஓட்டை வழியாக நடுக்காதுக்கும் அங்கிருந்து உள்காதுக்கும் போய்விடும். சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது ஆஃப்ளாக்சசின் சொட்டு மருந்துக்கு இந்த ஆபத்து இல்லை. மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். நியோமைசின் கலந்த சொட்டு மருந்தும் வேண்டாம்; பாட்டிலில் சிறிய எழுத்தில்தான் போட்டிருக்கும்.