வயிற்று ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது? கேள்வி பதில்

ரங்கூனில் எண்டோஸ்கோபி அறையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இங்கே டாக்டர் நம்மிடம் பர்மியில் பேசுவார், ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் எழுதுவார், நாம் வீட்டுக்கு வந்து பாட்டிக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டும். நடுவில் பாதி விஷயம் காணாமல் போய்விடும். அப்படி வந்த கேள்விகளுக்குத்தான் இந்தப் பதில்கள். சொல்லுக்குப் பொருளும் உறுப்பு இருக்கும் இடமும் சொல்வேன். மருந்து எழுதித் தருவது டாக்டர் வேலை.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு எண்டோஸ்கோபி எடுத்தோம். 'லாக்ஸ் கார்டியா' என்று போட்டிருக்கிறது. கார்டியா என்றால் இதயம்தானே? அப்பா பயந்து போயிருக்கிறார். (பெகுவிலிருந்து ஒரு தம்பி)

பதில்: இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை தம்பி, அப்பாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். உணவுக்குழாய் நெஞ்சைக் கடந்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையான உதரவிதானத்தில் உள்ள துளை வழியாக இறங்கி, இரைப்பையோடு சேரும் இடத்துக்குத்தான் கார்டியா என்று பெயர். இதயத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தக் காலத்தில் அப்படி வைத்துவிட்டார்கள். லாக்ஸ் என்றால் தளர்ந்திருக்கிறது. சாப்பாடு இறங்கியதும் இறுக மூட வேண்டிய வாய் சரியாக மூடவில்லை, அமிலம் மேலே ஏறுகிறது. படுத்தால் நெஞ்செரிச்சல், விடிகாலையில் வாயில் புளிப்பு, விடாத வறட்டு இருமல் இதெல்லாம் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

கேமராக் குழாய் முன்பல்லிலிருந்து ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் போனதும் அந்த இடம் வரும். உணவுக்குழாயின் உள்சவ்வு வெளிறிய ரோஜா நிறம், இரைப்பையின் சவ்வு நல்ல சிவப்பு. இரண்டும் சேரும் கோடு நேராக இருக்காது, வளைந்து நெளிந்து ஓடும். அதை இசட் கோடு என்பார்கள். கோட்டுக்கு மேலே சிவப்பாகக் கீறல் தெரிந்தால் அமிலம் சுட்ட புண். 'எல்ஏ கிரேடு ஏ' என்று எழுதியிருந்தால் கீறல் 5 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை, இருப்பதிலேயே சின்னது. பி, சி, டி என்று போகப் போகப் பெரிது. எல்ஏ என்பது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் பெயர், அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: தங்கச்சி, எனக்கு ரொம்ப நாளாக கேஸ்ட்ரிக். ஏப்பம், உப்புசம். இப்போது 'ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ், ஹெச் பைலோரி பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. கேஸ் முற்றிப் புண்ணாகிவிட்டதா? ஙாப்பியும் (மீன் விழுது) பச்சை மிளகாயும் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது, அதுதான் காரணம் என்கிறாள் வீட்டுக்காரி. (மோல்மேனிலிருந்து ஒரு பெரியவர்)

பதில்: அண்ணே, கேஸ்ட்ரிக் என்ற சொல்லுக்கும் கேஸுக்கும் உறவு கிடையாது. கேஸ்ட்ரிக் என்றால் இரைப்பை சார்ந்தது. ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. ஆன்ட்ரம் என்பது இரைப்பையின் கீழ்ப்பகுதி, குடலுக்குத் திறக்கும் வாசலுக்கு முன்னால் இருப்பது. மூன்றையும் சேர்த்தால் 'இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அழற்சி'. புண் இருந்தால் அல்சர் என்று தனியாக எழுதியிருப்பார்கள்.

பைலோரி என்பது கிருமி. அமிலத்துக்குள்ளேயே குடியிருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் ஒரு சோதனையை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆன்ட்ரத்திலிருந்து அரிசிக் குறுணை அளவு சதையைக் கிள்ளி எடுத்து, யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லுக்குள் அழுத்திவிடுவோம். கிருமி இருந்தால் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும், சதையைச் சுற்றி மஞ்சள் மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாகும். கிருமி நிறைய இருந்தால், நோயாளி எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடுவதற்குள்ளேயே நிறம் மாறிவிடும்.

வயிற்றுப்புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று டாக்டர்களே ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தக் கிருமியைக் காட்டியபோது யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தியும் குமட்டலும் வந்தன, உள்ளே பார்த்தால் அழற்சி. இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதனால் அண்ணியிடம் சொல்லுங்கள், ஙாப்பி மேல் பழி போட வேண்டாம். ஏற்கனவே சிவந்திருக்கும் இடத்தில் மிளகாய் எரியும், அது வேறு விஷயம். மருந்து முடியும்வரை குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆன்டிபயாடிக், ஒரு அமிலக் குறைப்பு மாத்திரை என்று பெரும்பாலும் 14 நாள் கொடுப்பார்கள். நாலு நாளில் சுகமாகிவிட்டது என்று நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமிக்கு அடுத்த முறை அந்த மருந்து பலிக்காமல் போகலாம். இன்னொன்று: மூட்டு வலிக்குக் கடையில் பல நிற மாத்திரைகளைச் சேர்த்துப் பொட்டலம் கட்டித் தருகிறார்களே, அதை நிறுத்துங்கள். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் அதில் கலந்திருப்பது உண்டு. பைலோரிக்கு அடுத்தபடியாக இரைப்பையைப் புண்ணாக்குவது வலி மாத்திரைதான்.

கேள்வி: சயாமா (டீச்சரம்மா), நர்ஸிங் முதல் வருஷம் படிக்கிறேன். டமி, ஸ்டமி, எக்டமி மூன்றும் குழப்புகிறது. பரீட்சையில் இலியம் எழுதி மதிப்பெண் போய்விட்டது. (ரங்கூன், ஒரு மாணவி)

பதில்: அம்மாடி, இதை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் பிறகு விடாது. டமி என்றால் வெட்டித் திறப்பது: லேபரோட்டமி, வயிற்றைத் திறப்பது. எக்டமி என்றால் வெட்டி எடுத்துவிடுவது: கேஸ்ட்ரெக்டமி, இரைப்பையை முழுதாகவோ பகுதியாகவோ எடுப்பது. ஸ்டமி என்றால் புதிதாக ஒரு வாய் வைப்பது: கொலொஸ்டமி, பெருங்குடலை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து மலம் போக வழி செய்வது. வார்டில் இது விளையாட்டு இல்லை. கொலெக்டமி நோயாளிக்குக் குடலை எடுத்திருப்பார்கள், கொலொஸ்டமி நோயாளிக்கு வயிற்றில் பை ஒட்டியிருக்கும். இரண்டும் ஒரே ஆளுக்கு நடந்திருக்கவும் கூடும்.

முன்னால் வருவது உறுப்பு. கேஸ்ட்ரோ இரைப்பை, என்ட்டெரோ குடல், ஹெப்பட்டோ கல்லீரல், கோலே பித்தம், கோலோ பெருங்குடல், ப்ராக்டோ மலக்குடல். கோலேயும் கோலோவும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும், எழுத்தைப் பார்.

இலியம் விஷயத்தில் உன்மேல் தப்பில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே, ஆங்கிலத்தில் நடுவில் ஈ எழுத்து வந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, ஐ எழுத்து வந்தால் இடுப்பெலும்பு. சிறுகுடலின் வரிசை டியோடினம், ஜெஜுனம், இலியம். தமிழில் முன்சிறுகுடல், இடைச்சிறுகுடல், பின்சிறுகுடல் என்று சொல்லலாம். டியோடினம் என்ற பெயர் பன்னிரண்டு விரல் அகலம் என்பதிலிருந்து வந்தது, ஏறக்குறைய 25 சென்டிமீட்டர்.

கேள்வி: அம்மாவுக்கு ஸ்கேனில் 'கோலிசிஸ்டைட்டிஸ்' என்று வந்திருக்கிறது. சிஸ்ட் என்றால் கட்டி அல்லவா? பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். எடுத்தால் எப்படிச் செரிக்கும்? வலி அவருக்கு வலது தோள்பட்டையில்தான், வயிற்றில் இல்லை.

பதில்: இந்த இடத்தில் சிஸ்ட் என்றால் பை. கோலே பித்தம், ஐட்டிஸ் அழற்சி. பித்தப்பை அழற்சி, கட்டி இல்லை. பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. பித்தப்பை அதில் கொஞ்சத்தைச் சுண்டவைத்துச் சேர்த்து வைக்கிற இடம், கொள்ளளவு 50 மில்லி அளவுதான். கொழுப்பு உள்ளே வந்ததும் பை சுருங்கிப் பித்தத்தை முன்சிறுகுடலில் விடும். பையை எடுத்துவிட்டால் பித்தம் நேராகக் குடலுக்குப் போகும். சிலருக்குக் கொஞ்ச காலம் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் வயிற்றோட்டம் வரும், பிறகு பெரும்பாலும் பழகிவிடும். 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே முதல்முறை துளை வழியாக இந்த ஆபரேஷனைச் செய்தார், இப்போது அதுதான் வழக்கம்.

தோள்பட்டை வலி ஏன் என்று கேட்காமல் விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது, தோளுக்குப் போகும் நரம்பும் அங்கிருந்துதான். கீழே கோளாறு, மூளைக்குத் தோள் வலி. மூட்டு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருந்து கடைசியில் பித்தக்கல் தெரிய வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, அவசரம். பையனுக்கு நேற்று ராத்திரி தொப்புளைச் சுற்றி வலித்தது, இப்போது வலது பக்கம் கீழே. மாமியார் விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார்.

பதில்: கொடுக்காதே அம்மா. பேதி மருந்து எதுவும் வேண்டாம், வயிற்றைத் தேய்க்கவும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்குகிற வலி குடல்வால் அழற்சியின் வழக்கமான பாதை. பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும் விரல் நீளக் குழாய் அது. உள்ளே சீழ் கட்டியிருக்கும்போது குடலை முடுக்கினால் வெடித்துவிடும். 'வயிறு வலி' என்று மட்டும் சொல்லாதே. பர்மியில் பைக் என்றாலும் தமிழில் வயிறு என்றாலும் நெஞ்சுக்குக் கீழே எல்லாம் அடக்கம். எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது, எத்தனை மணிக்கு என்று சொல், பையனை ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்.

கேள்வி: தாத்தாவுக்கு அதாவா பீ ரொம்ப வருஷமாக இருந்திருக்கிறது. இப்போது கல்லீரல் சுருங்கியிருக்கிறதாம், மண்ணீரல் பெருத்திருக்கிறதாம். குடித்ததே இல்லை அவர். வயிற்றை விட்டுவிட்டு ஏன் உணவுக்குழாயில் கேமரா விடச் சொல்கிறார்கள்? கீழாநெல்லி போதாதா?

பதில்: நம் ஆட்கள் அதாவா பீ என்று சொல்வது ஹெப்படைட்டிஸ் பி, வைரஸ் கிருமியால் வரும் கல்லீரல் அழற்சி. சாராயம் தொடாதவருக்கும் அது ஈரலைத் தழும்பாக்கும். அதற்குப் பெயர் சிரோசிஸ். இனி வழியைப் பாருங்கள்: குடல், இரைப்பை, மண்ணீரல் எல்லாவற்றின் ரத்தமும் போர்ட்டல் சிரை என்ற ஒரே பெரிய குழாயில் சேர்ந்து கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு அதுதான். கல்லீரல் தழும்பாகி இறுகினால் ரத்தம் பின்னோக்கித் தேங்கும். மண்ணீரல் பெருக்கும், ரிப்போர்ட்டில் ஸ்ப்ளீனோமெகலி என்று வரும். பெரிய ரோடு அடைபட்டதும் வண்டிகள் சந்துக்குள் நுழைவதுபோல மிச்ச ரத்தம் உணவுக்குழாயின் மெல்லிய சிரைகளில் ஏறும். அவை நீல நிறத்தில் புடைத்து நெளிந்து நிற்கும், வேரிசஸ் என்று எழுதுவார்கள். அது வெடித்தால் ரத்தமாக வாந்தி வரும், உயிருக்கே ஆபத்து. வெடிக்கும் முன்னே கண்டுபிடித்து, குழாய் நுனியிலிருந்து சின்ன ரப்பர் வளையம் மாட்டிக் கட்டிவிடலாம். அதற்காகத்தான் கேமரா.

கீழாநெல்லியை நம்பி மருந்தை விட வேண்டாம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள், கிருமி இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மலத்தில் ரத்தம். லெய்க்கௌங்தான் என்று மருந்துக்கடைக்காரர் களிம்பு கொடுத்தார். (பெயர் வேண்டாம்)

பதில்: லெய்க்கௌங், ஆமைத்தலை என்று பர்மியில் சொல்வது நம் மூலம்தான். ஆனால் பார்க்காமலே மூலம் என்று யாரும் சொல்ல முடியாது. நிறத்தைக் கவனியுங்கள். பளிச்சென்ற சிவப்பு, சொட்டுச் சொட்டாக என்றால் பெரும்பாலும் ஆசனவாய்ப் பக்கம். கருஞ்சிவப்பாக மலத்தோடு கலந்து வந்தால் பெருங்குடலாக இருக்கலாம். தார் மாதிரி கருப்பு, பிசுபிசுப்பு, கெட்ட வாடை என்றால் ரத்தம் மேலே இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசிந்து செரித்து வருகிறது. அதற்கு மெலினா என்று பெயர், அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும், சாப்பிடுகிறீர்களென்றால் சொல்லிவிடுங்கள். நாற்பது வயதைத் தாண்டி மலம் போகும் வழக்கமே மாறியிருந்தால், களிம்பை வைத்துவிட்டுப் பெருங்குடலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: கூன்யா (வெற்றிலைப் பாக்கு) போடுவதும் செரிமானத்துக்கு நல்லதுதானே சயாமா? புகையிலை சேர்ப்பதில்லை.

பதில்: நல்லதில்லை. செரிமானம் வாயிலேயே தொடங்குகிறது, முதலில் கெடுவதும் அங்கேதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2004இல் அறிவித்துவிட்டது. வருஷக்கணக்காகப் போட்டவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் வெளுத்து இறுகிவிடுவதும் உண்டு. குழாய் விடும்முன் பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்போம், அது நுழையக்கூட வாய் திறக்காமல் தவித்தவர்கள் உண்டு. உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். போகவில்லை என்றால் பல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: சிறுகுடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. உண்மையா? (பள்ளி மாணவன்)

பதில்: பழைய கணக்கு தம்பி. 2014இல் ஸ்வீடனில் அளந்து பார்த்துச் செரிமானப் பாதை முழுதும் சுமார் 30 சதுர மீட்டர் என்றார்கள். பாட்மின்டன் மைதானத்தில் பாதிகூட இல்லை. பரீட்சையில் மட்டும் பாடத்தில் இருப்பதையே எழுது.

கேள்வி: தீமிதிக்கு விரதம் இருக்கிறேன். காலையில் அமில மாத்திரை எடுக்கலாமா?

பதில்: ஒமிப்ரசோல் வகை என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் எடுப்பது வழக்கம். ஒருவேளைதான் சாப்பிடுகிறீர்கள் என்றால் அந்த வேளைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். தண்ணீரை மட்டும் விட வேண்டாம்.

கேள்வி: நாளை மறுநாள் கொலோனோஸ்கோபி. பேதி மருந்து குடிக்கவே முடியவில்லை, பாதியோடு நிறுத்தலாமா?

பதில்: கூடாது. பெருங்குடல் ஒன்றரை மீட்டர், குழாய் கடைசியில் சீக்கம் (பெருங்குடலின் தொடக்கம்) வரை போய்க் குடல்வாலின் துளையைக் கண்ணால் பார்த்தால்தான் முழுதும் பார்த்ததாகக் கணக்கு. மலம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் அடியில் இருக்கும் பாலிப் (சின்னச் சதை வளர்ச்சி) தெரியாது, இன்னொரு நாள் எல்லாவற்றையும் மறுபடி குடிக்க வேண்டும். நன்றாகக் குளிர வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், கடைசியில் தெளிந்த மஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும். நடுவில் இளநீர் குடிக்கலாம், வெறும் தேநீர் குடிக்கலாம். சிவப்பு சர்பத், சிவப்பு ஜெல்லி, ஃபலூடா பக்கமே போகாதீர்கள். கேமராவில் அந்தச் சிவப்பு ரத்தம் மாதிரியே தெரியும்.