கோல் கீப்பர் உண்மையிலேயே பாதி அணியா?

கேள்வி: தோட்டத்து ஹாக்கி அணிக்கு வெளியிலிருந்து ஒரு கெட்டிக்கார கோல் கீப்பரைக் கொண்டுவரலாமா, இல்லை அந்தக் காசுக்கு கோல் அடிக்கும் ஆளைத் தேடலாமா?

மலேசியாவில் பஹாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்ட அணியில் பின்களத்தில் ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கீப்பரைப் பிடியுங்கள். ஆனால் ‘கீப்பர்தான் பாதி அணி’ என்று திடலோரத்தில் பெரியவர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்.

கீப்பர் பாய்ந்து தடுப்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அவருடைய மதிப்பு பெனால்டி கார்னரில்தான் (தடுக்கும் அணி தன் கோல் அருகே தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு) தெரியும். அப்போது கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம். கோல் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். அவ்வளவையும் ஒருவரால் அடைக்க முடியாது. அதனால் தடுப்பவர்களில் முதலில் பாய்ந்து ஓடுபவர் ஒரு பக்கத்து வழியை மறிப்பார், மறுபக்கம் கீப்பருக்கு. கீப்பர் மேல் நம்பிக்கை இருந்தால் ஓடுபவர் நேராகப் போவார். இல்லாவிட்டால் பாதி வழியில் தயங்குவார், பந்து உள்ளே போய்விடும். மறிப்பவர் காலில் பட்டாலோ திரும்பவும் கார்னர்தான்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்க ஆட்டம் நினைவிருக்கும். இந்தியா 5-4 என்று முன்னிலை, கடைசி விநாடிகளில் ஜெர்மனிக்கு பெனால்டி கார்னர். இந்திய கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார், பதக்கம் வந்தது. அதே ஆட்டத்தில் நான்கு கோல் உள்ளே போயிருந்ததையும் மறக்கக்கூடாது. முன்னால் ஐந்து அடிக்க ஆள் இருந்ததால்தான் அந்தக் கடைசித் தடுப்புக்கு விலை!

நம்ம மலேசிய கீப்பர் குமார் சுப்பிரமணியம் கதையும் அதுதான். 2018 ஆசிய விளையாட்டு அரையிறுதியில் இந்தியாவோடு 2-2. சமநிலையை உடைக்கும் ஷூட் அவுட்டில் அடிப்பவர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு வருவார், எட்டு விநாடிக்குள் முடிக்க வேண்டும். தனியாக நிற்பவர் கீப்பர் மட்டும். அங்கே மட்டும் ‘பாதி அணி’ என்பது குறைவான கணக்கு. 7-6 என்று ஜெயித்தோம். இறுதியில் ஜப்பானோடு 6-6 வரை போய், ஷூட் அவுட்டில் 3-1 என்று தோற்றோம். தங்கம் கிடைத்திருந்தால் நேராக டோக்கியோ ஒலிம்பிக். ஆறு கோல் அடித்த அணி ஆறு வாங்கினால் அதைக் கீப்பர் தலையில் மட்டும் கட்ட முடியாது, நடுக்களமும் ஓட்டைதான்.

அப்புறம் காசு விஷயம். தலைக்கவசம், கால்காப்பு, கிக்கர் (பாதக் காப்பு), கைக்காப்பு என்று முழுச் செட்டும் விலை அதிகம். தோட்ட அணிகளில் ஒரே செட் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் (அதன் வாடையைத் தாங்குபவரே பாதி கீப்பர்!). உடையில் கஞ்சத்தனம் பார்த்தால் எவ்வளவு நல்ல ஆளும் பந்துக்கு முகம் கொடுக்கத் தயங்குவார்.

ஆளை முடிவு செய்யும் முன் ஒரு பயிற்சிக்கு அழைத்துப் பாருங்கள். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பின்களத்துப் பையன்களைப் பெயர் சொல்லி இடது, வலது என்று நகர்த்துகிறார் என்றால் உடனே பேசி முடியுங்கள். வாயைத் திறக்காமல் நிற்பவர் என்றால், சரி, ஃபார்வர்டையே தேடுங்கள்.