கேள்வி – பதில்: பந்தியும் உண்டியலும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, முன்னாள் மாணவர் சங்கங்கள் மாதந்தோறும் நடத்தும் மதிய விருந்தையும் அதையொட்டித் திரட்டப்படும் உதவிநிதியையும் பற்றியவை. அத்தகைய ஒரு சங்கத்தில் 14 ஆண்டுகள் உறுப்பினனாகவும், அவற்றில் 6 ஆண்டுகள் பொருளாளனாகவும் இருந்தவன் நான். அதனால் இந்த இதழின் பக்கத்தை முழுவதும் இக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் கூடி மாதம் ஒரு மதிய விருந்து நடத்துகிறோம். தொடங்கியபோது நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். இன்று பன்னிரண்டு பேர் வந்தாலே பெரிது. அழைப்பைத் தவறாமல் அனுப்புகிறோம். நிகழ்ச்சிநிரலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறோம்? — செயலாளராக இருக்கும் ஒரு வாசகர்

பதில்: அழைப்பு அனுப்புவது வேறு, அழைப்பது வேறு. வாட்ஸ்அப் குழுவில் இடப்படும் அறிவிப்பு எல்லோருக்கும் பொதுவானது என்பதாலேயே அதைத் தனக்குரியதாக எவரும் எடுத்துக்கொள்வதில்லை. 'நான் போகாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது' என்ற எண்ணத்துக்கு அது இடம் கொடுத்துவிடுகிறது. மூன்று மாதங்களாக வராதவர்களின் பெயர்களை எழுதுங்கள். செயற்குழுவினர் ஆளுக்கு நான்கைந்து பெயர்களைப் பொறுப்பேற்றுத் தொலைபேசியில் பேசட்டும். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். நலம் விசாரித்துவிட்டு, அடுத்த விருந்தில் பார்க்க ஆவலாக இருக்கிறோம் என்று சொன்னால் போதும். எங்கள் சங்கத்தில் இதைச் செய்தபோதுதான், இருவர் நெடுநாளாக நோயுற்றுப் படுக்கையில் இருப்பதே எங்களுக்குத் தெரியவந்தது. மாதாமாதம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட நாங்கள் அதை அறியாமல் இருந்தோம் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

விருந்து நாளை ஒவ்வொரு மாதமும் கருத்துக் கேட்டு முடிவு செய்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்திவிடுங்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்று ஒருமுறை வகுத்துவிட்டால், அந்த நாளை ஒழித்து வைத்துக்கொள்வது உறுப்பினர்களுக்குப் பழக்கமாகிவிடும்.

ஆயினும் உங்கள் நிகழ்ச்சிநிரலைப் பார்த்த பிறகு, உண்மையான காரணம் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வரவேற்புரை, தலைமையுரை, ஆண்டறிக்கை, சிறப்புரை, நன்றியுரை என்று ஒன்றரை மணி நேரம் கழிந்த பின்னரே இலை போடப்படுகிறது. வருகிறவர்கள் தம் வகுப்புத் தோழர்களோடு பேச வருகிறார்கள். நீங்களோ அவர்களை வாய்மூடி உட்காரவைக்கிறீர்கள். பத்து நிமிடங்களுக்குள் அறிவிப்புகளை முடித்துவிட்டு அவர்களைப் பேச விடுங்கள். மேசைகளையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும். தானாகக் கூடிப் பேசும் ஒரு வட்டத்தில் நான்கு பேருக்கு மேல் சேர்ந்தால் பேச்சு பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது என்பதை ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1990களில் எடுத்துக்காட்டினார்கள். பன்னிரண்டு பேர் அமரும் பெரிய மேசையில் ஓரத்தில் உட்கார்ந்தவர் இரண்டு பக்கமும் சேர முடியாமல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர் மறுமாதம் வருவதில்லை. நான்கு அல்லது ஐந்து பேர் அமரும் சிறு மேசைகளே நல்லவை. அவற்றிலும் ஒரே ஆண்டில் படித்து முடித்தவர்கள் மட்டுமே ஒரு மேசையை அடைத்துக்கொள்ளாதபடி, வாசலில் நிற்கும் ஒருவர் புதிதாக வந்தவரைக் கைப்பிடித்து அழைத்துச்சென்று உட்காரவைக்க வேண்டும். அந்த வாசல் பொறுப்பைத் தலைவரே ஏற்பது மிகவும் சிறப்பு.

கேள்வி: விருந்துக் கட்டணத்திலேயே ஒரு பகுதியை உதவிநிதிக்கு எடுத்துக்கொள்கிறோம். தனியாகக் கேட்டால் யாரும் கொடுப்பதில்லை என்பது எங்கள் அனுபவம். ஓர் உறுப்பினர் மட்டும் இதை எதிர்த்துக் கணக்குக் கேட்கிறார். நல்ல காரியத்துக்குத்தானே எடுக்கிறோம், இதில் தவறு என்ன? — ஒரு பொருளாளர்

பதில்: கணக்குக் கேட்கும் அந்த உறுப்பினருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். உங்கள் சங்கத்தை அவர் தம்முடையதாகக் கருதுவதால்தான் கேட்கிறார்.

விருந்துக் கட்டணம் என்பது சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் ஆகும் செலவைப் பகிர்ந்துகொள்வது. நன்கொடை என்பது மனம் உவந்து கொடுப்பது. முன்னதற்குள் பின்னதை ஒளித்துவைத்தால், கொடுத்தவருக்குத் தாம் கொடுத்தோம் என்ற நிறைவே இல்லாமல் போகிறது. கொடுக்க இயலாதவரோ விருந்துக்கே வராமல் நின்றுவிடுகிறார். அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் வருமானவரி விதிகளும், நன்கொடை அளித்தவர் அதற்கு ஈடாகச் சாப்பாடு பெற்றிருந்தால் அந்தச் சாப்பாட்டின் மதிப்பைக் கழித்துவிட்டு மீதியை மட்டுமே நன்கொடையாக ஏற்கின்றன. உண்டதும் ஈந்ததும் வேறு வேறு என்பதை வரிச் சட்டமே பிரித்துப் பார்க்கும்போது, சங்கம் அவற்றைக் கலப்பது முறையாகாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் பொருளாளனான இரண்டாம் ஆண்டில், விருந்து மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய நெருக்கடியில் உதவிநிதியிலிருந்து ஒரு தொகையை எடுத்துக்கொடுத்தேன். அடுத்த மாதக் கட்டணம் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்பது எண்ணம். அடுத்த மாதம் வருகை குறைந்தது, பணம் திரும்பவில்லை, நாங்கள் உதவுவதாக ஒப்புக்கொண்டிருந்த ஒரு மாணவியின் கல்விக் கட்டணத்துக்கான கடைசி நாள் வந்துவிட்டது. செயற்குழுவினர் அன்று மாலையே கைப்பணம் போட்டு ஈடுசெய்தார்கள் என்றாலும், அந்த ஒரு பகல் முழுவதும் அந்தப் பெண் அலுவலக வாசலில் காத்திருந்தாள். ஒரு காசைக்கூட நான் எனக்காக எடுக்கவில்லை. ஆனாலும் பிழை என்னுடையதே. அதன்பின் இரண்டுக்கும் தனித்தனி வங்கிக் கணக்குகள் தொடங்கினோம். உதவிநிதிக் கணக்கில் இருவர் கையெழுத்திட்டால் ஒழியப் பணம் எடுக்க முடியாது என்று தீர்மானம் நிறைவேற்றினோம். எவ்வளவு சிறிய தொகைக்கும் வரிசை எண்ணிட்ட ரசீது கொடுத்தோம்.

தனியாகக் கேட்டால் கொடுப்பதில்லை என்கிறீர்கள். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லாமல் கேட்டிருப்பீர்களோ என்று ஐயுறுகிறேன். 'உதவிநிதிக்குத் தாருங்கள்' என்பதற்கும், 'இந்த ஆண்டு மூன்று மாணவர்களின் தேர்வுக் கட்டணத்தை ஏற்றிருக்கிறோம், இன்னும் இருவருக்குத் தேவைப்படுகிறது' என்பதற்கும் பெரும் வேறுபாடு இருக்கிறது. தொகை பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக முன்னாள் மாணவர்கள் 1890ஆம் ஆண்டு தொடங்கிய நிதி, செல்வர் சிலரின் பெருங்கொடையை எதிர்பார்த்து நிற்காமல், பலரும் ஆண்டுதோறும் இயன்றதைத் தரும் வழக்கத்தை உண்டாக்கியது. பிற்காலத்தில் எத்தனையோ கல்வி நிறுவனங்கள் அந்த வழியைப் பின்பற்றின. நாற்பது பேர் கொடுக்கும் சிறுதொகை, ஒருவர் கொடுக்கும் பெருந்தொகையைவிடச் சங்கத்துக்கு உறுதியானது. அந்த ஒருவர் மனம் மாறினாலோ மறைந்தாலோ நிதி நின்றுவிடாது. மாதந்தோறும் பந்திக்கு முன் ஐந்து நிமிடம் எழுந்து நின்று வரவையும் செலவையும் இருப்பையும் வாசியுங்கள். ஓராண்டு விடாமல் செய்து பாருங்கள், கேட்காமலே கொடுப்பார்கள்.

கேள்வி: சாப்பிடுவதற்காக மாதந்தோறும் செலவிடும் பணத்தை அப்படியே ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடலாமே, விருந்து எதற்கு என்று எங்கள் சங்கத்தின் இளையவர்கள் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. — ஒரு வாசகி

பதில்: அவர்களுடைய நல்ல மனத்தை முதலில் பாராட்டுங்கள். ஆனால் விருந்தை நிறுத்த இசையாதீர்கள். விருந்தை நிறுத்திய ஒரு சங்கத்தை நான் அறிவேன். முதலாண்டு நன்கொடை கூடியது. இரண்டாம் ஆண்டு பாதியானது. மூன்றாம் ஆண்டு கேட்பதற்கே ஆள் இல்லை. ஒருவரையொருவர் பார்க்காதவர்கள் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பிப் பணம் கொடுப்பது அரிது.

ரோட்டரி சங்கத்தின் தொடக்கத்தை இளையவர்களுக்குச் சொல்லலாம். 1905ஆம் ஆண்டு பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் சிகாகோவில் மூன்று நண்பர்களோடு அதைத் தொடங்கியபோது, பெருநகரத்தில் தனித்துப்போன மனிதர்களுக்குள் நட்பு வளர வேண்டும் என்பதே முதன்மையான நோக்கமாக இருந்தது. ஒவ்வொருவருடைய அலுவலகத்திலும் முறைவைத்துக் கூடினார்கள் என்பதால்தான் சுழற்சியைக் குறிக்கும் அந்தப் பெயரே வந்தது. கூடிப் பழகிய பிறகுதான், 1907ஆம் ஆண்டு, நகர மக்களுக்குப் பொதுக் கழிப்பறை அமைக்கும் முயற்சியைத் தங்கள் முதல் பொதுப்பணியாக எடுத்துக்கொண்டார்கள். நட்பு முன்னே வந்தது, தொண்டு அதிலிருந்து கிளைத்தது.

விருந்து எளிமையாக இருக்க வேண்டும் என்று இளையவர்கள் சொன்னால் அதை முழுமனத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஆடம்பர விடுதியும் பத்து வகைப் பதார்த்தமும் நட்புக்குத் தேவையில்லை.

கேள்வி: உதவி பெறும் மாணவர்களை விருந்து மேடைக்கு அழைத்துக் காசோலை கொடுத்துப் படம் எடுக்கிறோம். இந்த ஆண்டு ஒரு மாணவன் வர மறுத்துவிட்டான். நன்றி இல்லாதவன் என்று சிலர் உதவியை நிறுத்தச் சொல்கிறார்கள். — ஓர் உறுப்பினர்

பதில்: நிறுத்தாதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த மாணவன் கேட்டது கல்விக்கான உதவி. தன் வறுமையை நாற்பது பேர் முன்னிலையில் காட்டிப் படம் எடுத்துக்கொள்ள அவன் எப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் படம் இணையத்தில் ஏறிவிட்டால், அவன் வளர்ந்து வேலைக்குப் போகும் நாளிலும் அது அங்கேயே இருக்கும். நம்மில் எத்தனை பேர் கடன் வாங்கும்போது படம் எடுத்துக்கொள்ளச் சம்மதிப்போம்?

பணத்தைக் கல்வி நிறுவனத்துக்கே நேராகச் செலுத்திவிட்டு ரசீதைக் கோப்பில் வையுங்கள். உறுப்பினர்களிடம் கணக்கு வாசிக்கும்போது பெயரைச் சொல்லாமல், எத்தனை பேர், எந்தப் படிப்பு, எவ்வளவு தொகை என்று மட்டும் சொன்னால் போதும். மாணவர்களை விருந்துக்கு அழைக்க விரும்பினால் விருந்தினராக அழையுங்கள். மேடையில் ஏற்றாமல், மூத்த உறுப்பினர் ஒருவரின் அருகே உட்காரவைத்து, என்ன படிக்கிறாய், அடுத்து என்ன செய்ய விரும்புகிறாய் என்று பேசச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரப் பழக்கத்தால் வேலைக்கு வழிபிறந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். காசோலையால் மட்டும் அது நடந்திருக்காது.

கேள்வி: விருந்தில் மிஞ்சும் உணவை மாலையில் அருகிலுள்ள இல்லத்துக்குக் கொடுத்தனுப்புகிறோம். இது சரிதானா? — ஒரு வாசகர்

பதில்: மாலை வரை வைத்திருப்பது சரியன்று. சமைத்த உணவை அறைவெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகும். பரிமாறுவதற்கு முன்பே ஒரு பகுதியைத் தனியே எடுத்து, மூடிச் சூடாக வைத்து, விருந்து நடக்கும்போதே அனுப்பிவிடுங்கள். இல்லத்தாரிடம் முன்கூட்டியே பேசி, எத்தனை பேருக்கு, எந்த நேரத்தில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். தட்டுகளில் மிஞ்சியதையும் பலர் கைபட்டதையும் பிறருக்குக் கொடுக்கவே கூடாது.

கேள்வி: ஒரே நண்பர் பதினோரு ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறார். நன்றாகவே செய்கிறார். மாற்ற வேண்டுமா? — ஒரு வாசகர்

பதில்: மாற்றத்தான் வேண்டும், அவர் நன்றாக இருக்கும்போதே. ஓராண்டு துணைச் செயலாளர் ஒருவரை அருகில் வைத்துப் பழக்கிவிட்டுப் பொறுப்பை ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வேலை போய் எட்டு மாதங்கள் ஆகின்றன. விருந்துக் கட்டணம் கட்ட முடியாததால் போவதை நிறுத்திவிட்டேன். காரணத்தைச் சொல்ல நா எழவில்லை. — பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் நான் அதிக முறை படித்தேன். பொருளாளரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். எங்கள் சங்கத்தில் அப்படிச் சொன்னவர்களின் பெயர் ஒருபோதும் வெளியே போனதில்லை. உங்களுக்குச் சொல்லவே மனம் வராவிட்டால், சாப்பாட்டு நேரம் முடியும் தறுவாயில் போய்ப் பேசிக்கொண்டிருங்கள். நண்பர்களிடம் வேலை தேடுவதாகச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இதைப் படிக்கும் பொருளாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டணத்தை வாசலில் மேசை போட்டு, பட்டியலில் பெயருக்கு எதிரே குறியிட்டு வசூலிக்காதீர்கள். உறைகளை வைத்து ஒரு பெட்டியில் போடச் செய்யுங்கள். எங்கள் பெட்டியில் சில மாதங்களில் வெற்று உறைகள் இரண்டு மூன்று கிடக்கும்; இரட்டிப்புத் தொகை வைத்த உறைகளும் அதே எண்ணிக்கையில் கிடக்கும். யாருடையவை என்று நாங்கள் பார்த்ததில்லை.

கேள்வி: என் கணவர் இருபது ஆண்டுகள் அந்தச் சங்கத்தின் உறுப்பினர். அவருடன் நானும் ஒவ்வொரு மாதமும் போவேன். அவர் மறைந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. நான் அந்தப் பள்ளியில் படித்தவள் இல்லை. இனி நான் போகலாமா? — ஒரு வாசகி

பதில்: போகலாம் அம்மா. விதிகளில் இடம் இல்லை என்று யாரேனும் சொன்னால், மறைந்த உறுப்பினரின் துணைவர் விரும்பும் வரை உறுப்பினராகத் தொடரலாம் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி, இந்தப் பக்கத்தைச் செயலாளரிடம் காட்டுங்கள். அந்த வரி எங்கள் விதிகளில் 9 ஆண்டுகளாக இருக்கிறது. அதன்படி வந்த முதல் அம்மையார்தான் இன்று எங்கள் உதவிநிதியின் பொருளாளர்.